பேரியடியாரின் "நே"

போன சனிக்கிழமை மொன்ரியலுக்குப் பக்கத்துக் கர்க்லாண்டில், மகன் வீட்டுப் பின்வளவில் நின்றுகொண்டு, துளசிச் சாடியை உள்ளே தூக்கி வைப்பதா, இன்னும் ஒரு கிழமைக்கு வெயில் காட்டுவதா என்று துளசியோடு ஆலோசனை நடத்திக்கொண்டிருந்தேன். செப்டெம்பர் கடைசி. இந்த ஊரில் ஒரு இரவுக் குளிர் போதும், மகாலட்சுமி கறுத்துப் போவா. அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு புகை வந்தது.

இறைச்சிப் புகை என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போயிருப்பேன். இது வேறு. சிவப்புக் குடைமிளகாயை நெருப்பில் நேராகப் போட்டுத் தோல் கருகக் கருகச் சுட்டால் வருகிற மணம். முதலில் கருகல் அடிக்கும், அதற்குப் பின்னால் ஒரு இனிப்பு மெல்ல வந்து நிற்கும். என்னுடைய மூக்கு என்னைக் கேட்காமலே வேலியடிக்குப் போய்விட்டது. நான் பின்னால் போனேன். அங்கே பக்கத்து வீட்டுக் கெபெக் பெடியன் இடுக்கியும் கையுமாக நின்றான். கைபேசியில் பார்த்துப் பழகுகிறானாம். போன்ழூர் சொன்னான், நானும் சொன்னேன். பிறகு அவன் ஒரு கேள்வி கேட்டான். நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலை இப்போதே எழுதினால் உங்களுக்கு விளங்காது. அவனுக்கும் விளங்கவில்லை. ஆகையால் கொஞ்சம் பின்னால் போய் வருவோம்.

நான் மொன்ரியலுக்கு வந்த காலத்தில் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். சூடாக்கும் குழாய் விடிய விடியத் தவில் அடிக்கும். மனுசி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. கடைத் தூளில் கறி வைத்தால் கறி அழுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் செத்தல் மிளகாய் வாங்குவித்து, தாச்சியை அடுப்பில் ஏற்றித் தூளுக்கு வறுக்கத் தொடங்கினாள்.

எங்கள் ஊரில் செத்தல் வறுத்தால் புகை பின்வளவால் போய் வாழைக்குத் தும்மல் வரப்பண்ணிவிட்டு அடங்கிவிடும். மூன்றாம் மாடியில் அது எங்கே போகும்? படிக்கட்டால் இறங்கிக் கதவு கதவாகத் தட்டியது. கட்டடம் முழுவதும் இருமியது. மேலே மாட்டியிருந்த புகை மணி கத்தத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் தீயணைப்பு வண்டி வந்து, கோடரியோடு ஆட்கள் ஏறினார்கள். இங்கே இருக்கலாம் என்ற கடதாசியெல்லாம் கிடைத்திருந்தாலும் பயம் இன்னும் போகாத காலம் அது. நான் சாரத்தோடும் நெற்றி நிறையத் திருநீற்றோடும் சாமித்தட்டுக்கு முன்னால் நின்று, பிள்ளையாரே, கேவலம் ஒரு மிளகாய்க்காக எங்களைத் திருப்பி அனுப்பிப்போடாதையும் என்று மன்றாடினேன்.

பிள்ளையார் கேட்டுவிட்டார். கோடரிக்காரர் எங்கள் கதவுவரை வரவில்லை. எங்களுக்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பல்கனியில் ஒரு மனிதர், எண்ணெய்த் தகரத்தை அறுத்துக் கரி போட்டுக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பல்கனியில் நெருப்பு மூட்டுவது குற்றம். தீயணைப்பு ஆட்கள் இருமிக்கொண்டே இந்தப் புகை யாருடையது என்று கேட்க, அந்த மனிதர் மேலே எங்கள் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, என்னுடையதுதான் என்று சொல்லிப் பேச்சு வாங்கிக்கொண்டார்.

பின்னேரம் அவரே எங்கள் கதவைத் தட்டினார். கட்டையான ஆள், காதில் மயிர், கையில் ஒரு தட்டு. தோல் உரித்த மிளகாயை உள்ளியோடும் எண்ணெயோடும் புரட்டி வைத்திருந்தார். மனுசி கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"நான் ரெண்டு யுத்தம் பார்த்தனான். இப்பிடி ஒரு புகையை ஒருத்தனும் எங்களுக்கு அடிக்கேல்லை. உள்ளுக்கை என்ன செய்யிறியள்?" என்றார்.

இதிலே ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் கதைத்தது உடைந்த இங்கிலீசும் பிரெஞ்சும், நடுவில் தன் ஊர்ச் சொல்லும். நான் விளங்கிக்கொண்டதும் அதே அளவு உடைந்த இங்கிலீசில்தான். அதை எனக்குத் தெரிந்த தமிழில்தானே எழுத முடியும். ஆகவே இந்தக் கட்டுரையில் வருகிற வெள்ளைக்காரர் எல்லாரும் யாழ்ப்பாணத்தார் போலக் கதைப்பார்கள். பிழை என்னுடையது, அவர்களைக் கோபிக்காதீர்கள்.

அவர் பெயர் மித்ரே. வேலை வேண்டுமா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எங்கள் தலையாட்டல் உங்களுக்குத் தெரியும். மேலும் இல்லை கீழும் இல்லை, தோளுக்குத் தோள் ஒரு தாலாட்டு. அதனால் இந்த நகரத்தில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. வேலை தேடிக் கொடுக்கிற கந்தோரில் ஒரு அம்மா, வாயால் சொல்லு, உய்யா நொன்னா, ஓமா இல்லையா என்று என்னிடம் கெஞ்சியிருக்கிறா. மித்ரே அண்ணை ஒன்றும் கேட்கவில்லை. நல்லது, திங்கட்கிழமை என்னோடை வா என்றார். அவருடைய ஊரில் ஓம் என்றால் தலை பக்கவாட்டில் சரியும், இல்லை என்றால் நாடி மேலே போய் நாக்கு ஒரு "ச்சு" போடும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆக, என் தலை விளங்கிய முதல் வெள்ளைக்காரர் அவர்தான்.

திங்கட்கிழமை அவர் கூட்டிப்போனது டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கி அனுப்புகிற ஒரு பெரிய சமையல் கட்டடத்துக்கு. ட்ரே கழுவும் இடத்தில் அவர். ட்ரேயில் சாப்பாடு அடுக்கும் வரிசையின் தலையில் மேற்பார்வையாளராக இன்னொருவர், ஸ்தாவ்ரோ. உயரம், வாரிய தலை, பேனை குத்திய சட்டை. இரண்டு பேருக்கும் நடுவில், கழுவி வந்த ட்ரேயைத் துடைத்து வரிசையில் வைக்கிற இடத்தில் என்னை நிறுத்தினார்கள்.

என்னையும் மாட்டிறைச்சி அடுக்க விடும் நாள்களில் நான் உள்ளுக்குள்ளே கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு அடுக்குவேன். கையுறை போட்டிருக்கிறேன், ஆகையால் தொட்டதாகக் கணக்கில்லை என்று முருகனுக்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தம். வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால் மனுசி சொல்வதற்கெல்லாம் ஓம், ஓம், ஓம் என்று நான் சொல்வதைக் கேட்ட ஸ்தாவ்ரோ அண்ணை, பெடியன் மேலதிகாரிக்குத் தெரியாமல் தியானம் செய்கிறான் என்று முடிவெடுத்துவிட்டார். அன்றிலிருந்து என் பெயர் ஓம். பிரணவத்தைக் கூப்பிட்டு, "ஓம், அந்தக் குப்பை ட்ரொலியைத் தள்ளு" என்று சொல்வதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு நான் வேலை செய்தேன். எந்த நரகத்துக்கு இதெல்லாம் கணக்காகுமோ தெரியாது.

முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். மித்ரே அண்ணைக்கும் ஸ்தாவ்ரோ அண்ணைக்கும் இடையில் ஒரு கை நீட்டும் தூரம்தான். ஆனால் எல்லாக் கதையும் என் வழியாகத்தான் போனது.

"ஓம், அந்த மலையாட்டிட்டைச் சொல்லு, ட்ரே ஈரமாய் வருகுது."

"ஓம், அந்தத் துரையிட்டைச் சொல்லு, தண்ணியிலை கழுவினா ஈரமாய்த்தான் வரும்."

நான் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் நான் வாய் திறக்கும்வரை மற்றவர் காத்திருப்பார். தபாற்காரன் தபாலைக் கொடுத்தால்தானே கடிதம்.

பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, இருவரும் ஒரே ஊர். ஒரே ஊர் மட்டுமல்ல, அண்ணன் தம்பி பிள்ளைகள். ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகளில் ஒருவருடைய பெயர் கிரேக்கப் பெயராக "இடிஸ்" என்று முடியும், மற்றவருடையது "ஓவ்ஸ்கி" என்று முடியும். எங்கள் ஊரில் அண்ணன் தம்பி பிள்ளைகள் கதைக்காமல் விடுவதற்கு வேலியிலே பூவரசங் கதியால் ஒன்று அரை அடி நகர்ந்தால் போதும். இவர்களுடைய வேலியை நகர்த்தியவர்கள் ராசாக்கள்.

அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எந்தப் பெயரை எழுதினாலும் இரண்டு பேரில் ஒருவர் குழியிலிருந்து எழும்பி வருவார். கிரேக்கத்தில் ஒரு பெயர், அவர்களுடைய ஊர்ப் பாஷையில் இன்னொரு பெயர், இரண்டுக்கும் பேரி மரம் என்றுதான் அர்த்தமாம். ஆகவே புளியடி, வேம்படி, நாவலடி என்று நாங்கள் சொல்வதுபோல நான் அதற்குப் பேரியடி என்று பெயர் வைத்துவிட்டேன். இருவரும் ஆட்சேபிக்கவில்லை. தமிழ் அவர்களைப் பிடிக்க வந்த படையில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

சரித்திரப் பாடத்தை நான் எட்டாம் வகுப்போடு விட்டவன். மிச்சத்தை டோர்வலில் தேத்தண்ணி இடைவேளையில் படித்தேன், அதுவும் ஒரே பாடத்தை இரண்டு வாத்திமாரிடம். இரண்டிலும் பொதுவாக இருந்ததைச் சொல்கிறேன். பேரியடி ஒரு மலை இடுக்கில் இருந்தது. கல் வீடு, கல் கூரை, ஆடு, பாற்கட்டி, மிளகாய். ஊருக்கு மேலே முகடு, முகட்டுக்கு அப்பால் வேறு நாடு. ஆடுகளுக்கு அது தெரியாது. முதலில் துருக்கிச் சுல்தானின் ஆட்கள் வந்து ஆட்டுக்கு வரி எடுத்தார்கள். பிறகு கிரேக்க ராசா. பெரிய யுத்தத்தில் பல்கேரியர், ஜெர்மன்காரர். திரும்பவும் கிரேக்கர். அதற்குப் பிறகு அவர்களுக்குள்ளேயே ஒரு யுத்தம். ஊர் ஒரு அடி அசையவில்லை. நாடுகள்தான் வரிசையாக வந்து அதன் முதுகுக்கு மேலால் நடந்து போயின.

வருகிற ஒவ்வொருவரும் ஒரு வாத்தியார், ஒரு சாமியார், ஒரு பெயர்ப்பலகை கொண்டுவருவார்கள். பாட்டனார் நல்ல புத்திசாலி போலிருக்கிறது. ஒரே பலகையின் முன்பக்கம் ஒரு பெயர், பின்பக்கம் மற்றப் பெயர் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தாராம். கீழே பாதையில் தூசு எழும்பினால் சீருடையின் நிறத்தைப் பார்த்துப் பலகையைத் திருப்புவார். ஒருமுறை மூடுபனியில் நிறம் பிடிபடாமல் மாறித் திருப்பி, இரண்டு கன்னத்திலும் வாங்கினார். அதன் பிறகு பலகையைக் கழற்றிப் பாற்கட்டிச் சாடிக்கு மூடியாக்கிவிட்டார். பாற்கட்டிக்கு இரண்டு பெயரும் ஒன்றுதான்.

வீட்டில் பேசியது ஊர்ப் பாஷை. பள்ளிக்கூடத்தில் அதை வாய் திறந்தால் ஆமணக்கெண்ணெய் பருக்குவார்களாம். எங்களுக்கு ஆமணக்கெண்ணெய் வயிற்றைக் கழுவ. அவர்களுக்கு நாக்கைக் கழுவ. ஸ்தாவ்ரோ அண்ணைக்கு அது நன்றாக வேலை செய்திருந்தது. ஊர்ப் பாஷை அடியோடு மறந்துபோச்சு என்றுதான் எப்போதும் சொல்வார்.

மலையுச்சியில் இலியா என்று ஒரு தீர்க்கதரிசிக்குக் கோயில். அவர் தேரில் போய் இடி முழக்குகிறவராம். எங்கள் முருகனுக்கு இருக்கிற அதே மலைப் பைத்தியம் அவருக்கும், ஒரு வேல்தான் குறை. அவருடைய திருநாளை இரண்டு பேரும் மொன்ரியலிலும் விடவில்லை. ஸ்தாவ்ரோ அண்ணையின் கோயிலில் அது ஜூலையில் வரும். மித்ரே அண்ணையின் கோயிலில் பழைய கலண்டர், ஓகஸ்டில் வரும். அவர்கள் இதை எனக்கு விளக்க வெகு பாடுபட்டார்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நடுவில் வளர்ந்து, ஒரே விரதத்தை இரண்டு தரம் பிடித்த எனக்கா விளக்கம். இரண்டு திருநாளுக்கும் போவேன். இரண்டிலும் ஆட்டுக்கறி. நான் பாணும் சுட்ட மிளகாயும் சாப்பிட்டுவிட்டு, வாசலில் நின்று இலியாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவேன்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

கிரேக்க பாஷையில் ஓம் என்பதற்கு "நே" என்பார்கள். பேரியடி ஊர்ப் பாஷையில் இல்லை என்பதற்கும் "நே" என்பார்கள். நான் இதை நம்பவில்லை. இருவரையும் தனித்தனியே கேட்டேன். உண்மைதான். ஒரே ஊரில், ஒரே வாயில், ஒரே சொல் ஓமும் இல்லையும். சாதாரண நாளில் தலை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

அந்த உள்நாட்டு யுத்தத்தில் மலையில் ஆயுதத்தோடு சிலர் இருந்தார்கள். அவர்களைத் தேடி ராணுவம் பேரியடிக்கு வந்தது. தெற்கிலிருந்து வந்த கிரேக்கப் பெடியங்கள், ஊர்ப் பாஷை தெரியாதவர்கள். பாதையில் ஸ்தாவ்ரோ அண்ணையின் தகப்பனார் விறகு சுமந்து வந்துகொண்டிருந்தார். மித்ரே அண்ணையின் தகப்பன் அவருடைய தம்பி. ராணுவக்காரன் மறித்து, உன்ர தம்பி மலையாக்களோடை சேர்ந்தவனோ என்று கேட்டான். தகப்பனார் "நே" என்றார். விறகுக் கட்டைத் தாங்குகிற வார் நெற்றியில் இறுக்கியிருந்தது. தலை எந்தப் பக்கமும் அசையவில்லை.

அன்றைக்கே தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கோ ஒரு தீவுச் சிறைக்கு. அவர் திரும்பவில்லை. தாய் மித்ரே அண்ணையைக் கையில் பிடித்துக்கொண்டு முகட்டைத் தாண்டி மற்ற நாட்டுக்குப் போய்விட்டா. ஸ்தாவ்ரோ அண்ணை இந்தப் பக்கம் வளர்ந்தார். இரண்டு பக்கமும் வளர்ந்தவர்கள் கடைசியில் டோர்வலில் ஒரே ட்ரேயின் இரண்டு முனையிலும் வந்து நின்றார்கள்.

ஸ்தாவ்ரோ அண்ணையின் வாதம், தகப்பன் ஊர்ப் பாஷையில் இல்லை என்றுதான் சொன்னார், ராணுவக்காரன் அதைக் கிரேக்கமாகக் கேட்டான் என்பது. மித்ரே அண்ணையின் வாதம், பெரியப்பர் சந்தையில் பாற்கட்டி விற்றுக் கிரேக்கம் தண்ணிபட்ட பாடாகப் பேசுகிறவர், கிரேக்கன் கேட்டால் கிரேக்கத்தில்தான் சொல்லியிருப்பார் என்பது. நான் வீட்டில் வந்து இந்தக் கதையைச் சொல்ல, மனுசி அரிசி களைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஓமெண்டா ஓம், இல்லையெண்டா இல்லை. ரெண்டுக்கும் ஒரு சொல் வைச்சா ஆர் என்ன செய்யிறது?"

"ஏன், உங்கட கொப்பர் எனக்குப் பொம்பிளை கேட்டு வந்தவையிட்டை என்ன சொன்னவர்? 'பாப்பம்' எண்டு. அது ஓமோ இல்லையோ?"

"அது ஓம்தான்."

"ஒரு வருசம் எனக்கு அது தெரியேல்லையே."

அவள் மறுபடியும் அரிசியைக் களைந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள், பாவம், அந்தத் தாய் என்னத்தை நினைச்சுக்கொண்டு மலை ஏறியிருப்பா என்று.

வருடங்கள் போயின. நான் அந்த மூன்றாம் மாடியை விட்டு டோர்வலிலேயே ஒரு சிறு வீட்டுக்கு மாறினேன், பிள்ளைகள் கார்தெரி என்கிற பாலர் காப்பகத்தில் பிரெஞ்சு படித்து வந்து என்னைத் திருத்தத் தொடங்கினார்கள். மித்ரே அண்ணை ஓய்வு பெற்றார், ஸ்தாவ்ரோ அண்ணையும் பெற்றார். நடுவில் நான் இல்லாததால் அவர்களுக்குள் இருந்த கதையும் நின்றுபோனது. பிறகு ஒரு இலையுதிர் காலத்தில் ஸ்தாவ்ரோ அண்ணைக்கு நுரையீரலில் வருத்தம், ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இனி வீட்டுக்கு வருவது சந்தேகம் என்று கேள்விப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் அவருக்காக ஒரு அருச்சனைக்குக் கொடுத்தேன். ஐயர் பெயர் கேட்டார். ஸ்தாவ்ரோ என்றேன். நட்சத்திரம்? தெரியாது ஐயா, மலைப்பக்கம் பிறந்தவர் என்றேன். ஐயர் என்னை ஒரு கணம் பார்த்தார். மணியை எடுத்தார். "தவராசா நாமதேயஸ்ய" என்று கணீரென்று சொல்லிப் பூவைப் போட்டார். வந்த அரசாங்கமெல்லாம் பெயரை மாற்றிய மனிதருக்கு, மிச்சமிருந்த ஒரு மாற்றத்தை எங்கள் பிள்ளையார் கோயில் செய்து முடித்தது. நான் திருத்தவில்லை. யாரென்று பிள்ளையாருக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு மித்ரே அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு போத்தல் சுட்ட மிளகாய். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். தபாற்காரனுக்குக் கடைசியாக ஒரு தபால் இருந்தது.

"நீ அவனைப் பார்க்கப் போவாய்தானே. ஒண்டு கேள். அவன் அண்டைக்குப் பக்கத்திலை நிண்டவன், தேப்பன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு. தேப்பன் சொன்னது எங்கட ஊர்ச் சொல்தானோ எண்டு கேள். சாகப்போறவன் பொய் சொல்லமாட்டான். ஓமெண்டால் எனக்குக் காணும்."

"நீங்களே வந்து கேளுங்கோவன், அண்ணை."

"நான் வந்தா அவன் செத்துப்போவான்."

அடுத்த நாள் பகல் போனேன். ஸ்தாவ்ரோ அண்ணை மூக்கில் குழாயோடு தலையணையில் புதைந்து கிடந்தார். வாரிய தலை கலைந்திருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. திருநீற்றைச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன், நெற்றியில் கொஞ்சம் பூசினேன். ஆர் உன்ரை கடவுளோ, எனக்கு உன்ரை சாம்பலும் போடுறாய் என்று முணுமுணுத்தார். பிறகு நான் தபாலைக் கொடுத்தேன். அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.

அவர் கண்ணைக் கூரைக்குத் திருப்பினார். பிறகு சொன்னார்.

"நே."

தலை தலையணையில் உருண்டது. அதைத் தலையாட்டலாக எடுப்பதா, களைத்துப்போய்ச் சரிந்ததாக எடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொருமுறை கேட்க மனம் வரவில்லை. கண்ணை மூடிவிட்டார்.

படியால் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கிரேக்கத்தில் சொல்லியிருந்தால், ஓம், அது ஊர்ச் சொல்தான். தகப்பன் தம்பியைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஊர்ப் பாஷையில் சொல்லியிருந்தால், இல்லை, அது ஊர்ச் சொல் இல்லை, தகப்பன் காட்டிக்கொடுத்தார். ஊர்ப் பாஷை மறந்துபோச்சு என்று சொல்கிற மனிதர் ஊர்ப் பாஷையில் சொல்வாரா? சாகப்போகிற நேரம் சொல்லக்கூடும்தானே. காரில் ஏறி இருந்து, முருகா, நீயே தபாலைக் கொண்டுபோ என்றேன். அவர் வரவில்லை. நான்தான் போனேன்.

மித்ரே அண்ணை தன் பழைய பல்கனியிலேயே காத்திருந்தார்.

"என்ன சொன்னவன்?"

"நே எண்டு சொன்னவர்."

"நே எண்டா? எந்த நே?"

"தெரியேல்லை, அண்ணை. நே எண்டு மட்டும்."

"தலை எப்பிடிப் போனது?"

நான் காட்டினேன். தலையணையும் குழாயும் இல்லாமல், தலை உருண்டதை உள்ளபடி காட்டத்தான் முயன்றேன். ஆனால் என் கழுத்து யாழ்ப்பாணக் கழுத்து. ஒரு பக்கம் சரித்தேன், அது தானாக மற்றப் பக்கமும் போனது. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, பிறகு வட்டமாக ஒரு தாலாட்டு. இல்லை, இப்படியில்லை என்று திருத்திக் காட்டினேன். அது இன்னும் மோசமாகப் போனது.

மித்ரே அண்ணை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவருடைய வயிறு குலுங்கியது. பிறகு சிரிப்பு வந்தது. பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார்.

"இந்த ஊர் முழுக்கத் தேடி, எல்லாப் பக்கமும் ஆடுற தலை ஒண்டைப் பிடிச்சு நான் தூது விட்டிருக்கிறன்" என்றார். பிறகு உள்ளே போய்க் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "எடு காரை. நானே கேக்கிறன்."

நான் அறைக்குள் போகவில்லை. நடைபாதையில் கதிரையில் இருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. முதலில் கதிரை ஒன்று இழுபட்டது. பிறகு மித்ரே அண்ணை ஏதோ ஒரு சொல் சொன்னார். ஸ்தாவ்ரோ அண்ணை அதற்கு ஒரு முழு வசனம் சொன்னார். ஊர்ப் பாஷையில். மறந்துபோன பாஷை, அரைக்குரலில், குழாய்க்கு மேலால், தடுக்காமல் வந்தது. அதன் பிறகு இருவரும் விடவில்லை. கை நீட்டி எதையோ உயரம் காட்டுகிறார்கள். அது மரமாக இருக்க வேண்டும். எங்கே நின்றது என்பதில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. ஒருவர் கட்டிலின் இந்தப் பக்கம் காட்டுகிறார், மற்றவர் அந்தப் பக்கம். நே, நே, நே என்று கேட்டது. எந்த வாயிலிருந்து எந்த நே என்று எண்ணிப் பிரிக்க இலியாவாலும் முடியாது.

தாதி ஒருத்தி நின்று, இது என்ன பாஷை என்று என்னைக் கேட்டாள். பேரியடி என்றேன். அவள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதுபோலத் தலையசைத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வரும்போது பெருந்தெருவில் நல்ல நெரிசல். மித்ரே அண்ணை கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"கேட்டனீங்களோ, அண்ணை?"

"நே," என்றார்.

பக்கத்தில் ஒரு பெரிய ட்ரக் வந்துகொண்டிருந்தது. நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன். அவருடைய தலை எந்தப் பக்கம் போனது என்று பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்தான். ஆனால் மறுநாளும், அதற்கடுத்த நாளும், ஸ்தாவ்ரோ அண்ணை இருந்த நாள்வரைக்கும், என்னைக் கூப்பிடாமல் அவர் தானாகவே பேருந்து பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். தபாற்காரனுக்கு அதோடு வேலை போய்விட்டது.

ஸ்தாவ்ரோ அண்ணையைக் கிரேக்கக் கோயில் மணி அடித்து அனுப்பியது. கொஞ்ச வருடம் கழித்து மித்ரே அண்ணையை மற்றக் கோயில் அனுப்பியது. இரண்டு சவ அடக்கத்துக்கும் விபூதியோடு போன ஒரே ஆள் நான்தான். இலியாவின் திருநாள் இப்போதும் இரண்டு தேதியில் வருகிறது, ஆனால் எனக்குச் சொல்ல ஆளில்லை. கலண்டரில் ஜூலை போய் ஓகஸ்ட் வந்த பிறகுதான் நினைவு வரும். டோர்வல் சமையல் கட்டடத்தில் ட்ரே கழுவுவது இயந்திரமாகிவிட்டது, அது யாரோடும் கோபித்துக்கொள்வதில்லை. நோத்ர-டாம்-த-கிரேஸ் கட்டடத்துக்குப் புது ஜன்னல் போட்டு, வாடகையை ஏற்றி, பல்கனியில் நெருப்பு மூட்டக்கூடாது என்று இரண்டு பாஷையில் பலகையும் வைத்திருக்கிறார்கள். பேரியடியில் இப்போது ஆளே இல்லையாம். பேரி மரம் கட்டிலின் எந்தப் பக்கத்தில் நின்றது என்று சொல்லவும் யாருமில்லை.

இனி அந்தப் பெடியனிடம் வருவோம். வேலிக்கு மேலால், கையில் இடுக்கியோடு, அவன் கேட்ட கேள்வி இதுதான். புகை உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா?

துளசிச் சாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற என் வாயிலிருந்து, நான் நினைக்காமலே, "நே" என்று வந்தது. தலையும் சேர்ந்து ஆடியது.

பாவம், பெடியன். அடுப்பு மூடியைப் போடுவதா, போடாமல் விடுவதா என்று தெரியாமல் மூடியை அரைவாசிக்குப் பிடித்துக்கொண்டு நின்றான். அது இல்லை என்ற நே என்று அவனுக்குச் சொல்லி விளக்கத்தான் வாயைத் திறந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கையைக் காட்டிச் சுடச் சொல்லிவிட்டு, வேலியடியிலேயே அந்த மணம் முடியும்வரை நின்றேன்.